ஜெராக்ஸ் அக்கா கெடுத்த பக்கங்கள்

கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள எங்கள் ஜெராக்ஸ் கடையில் பதினாறு வருடம் அவள் மெஷின் முன்னால் நின்றாள். நான் மூன்றடி தள்ளி பைண்டிங் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். மாணவர்களில் தொடங்கி பக்கத்துக் கடை டெய்லர் வரை எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்கா. நான் மட்டும் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவளை எப்படி அக்கா என்பது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய்க் காரணம் என்பது எனக்கே தெரியும். "இங்க பாருங்க", "உங்களத்தான்" என்ற இரண்டை வைத்தே பதினாறு வருடத்தை ஓட்டிவிட்டேன். அவளுக்கு நான் "பைண்டரே".

பள்ளிக்கூடம் முடித்தபோது அவளுக்கு நல்ல மார்க். கல்லூரிப் படிவம் வாங்கி, பெயர், முகவரி எல்லாம் எழுதி, என்ன பாடம் என்ற கட்டத்தை மட்டும் நிதானமாக யோசித்து எழுதலாம் என்று விட்டு வைத்தாளாம். அந்த வாரம் அப்பா படுத்த படுக்கையானார். மூத்தவள், வேலைக்குப் போனாள். ஒரு மருந்துக் கடை, ஓர் அச்சகம், அப்புறம் இங்கே. தம்பியை இன்ஜினியர் ஆக்கினாள். அப்பாவையும் பிறகு அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். நடுவில் கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது, வந்த வழியே போனது. காலி கட்டத்தோடு இருந்த அந்தப் படிவம் அவள் அலமாரியில் இன்னும் இருப்பதாக ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் ரெண்டுபக்கம். "பேப்பருக்கு ரெண்டு பக்கம் இருக்கு, கடவுள் சும்மாவா குடுத்திருக்கான்?" என்பது அவருடைய ஓயாத பாட்டு. ஒரு காப்பி கெட்டுப்போனால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கெட்ட தாள் எல்லாம் வேஸ்ட் பெட்டிக்குப் போகும். அவற்றை அளவாக வெட்டி, வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தில் ஆர்டர் எழுத பேடு செய்வது என் வேலை.

அவள் கையில் காப்பி கெடுவது அபூர்வம். கணக்கு, காமர்ஸ், சட்டம், எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். அப்படியிருந்தும் பெட்டி நிறைந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் பேடு வெட்டும்போது தாள்களைத் திருப்பிப் பார்த்தேன். பாதிக்குமேல் ஒரே புத்தகத்தின் பக்கங்கள். ஜியாலஜி. பாறை, மண், மலை, ஆறு. அந்தத் துறையில் வருடத்துக்குப் பதினைந்து பேர் சேர்ந்தால் பெரிய விஷயம். பதினைந்து பேரும் நூலகத்தில் இருக்கிற அந்த ஒரே தடிப் புத்தகத்தைத்தான் கொண்டுவருவார்கள். வைத்தால் மெஷின் மூடியே மூடாது, அவ்வளவு தடி. கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளிச்சம் ஓடி முடிப்பதற்குள் அவள் புத்தகத்தைத் தூக்கியிருக்கிறாள், அடுத்த வரியைப் படிக்கும் அவசரத்தில். எழுத்துகள் இழுபட்டிருந்தன. சிலவற்றில் ஓரத்தில் அவள் கட்டைவிரல் கறுப்பாக விழுந்திருந்தது.

அவள் மெஷின் மேல் தாள் பறக்காமல் இருக்க வைத்திருந்த கூழாங்கற்களை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். ஏழு கல். ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கண் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுமே என்று பயந்தேன். அவ்வளவுதான், வேறு நியாயம் எதுவும் இல்லை. ஜியாலஜி தாள்களை மட்டும் தனியாக எடுத்து, ஒரே பக்கம் இரண்டாக இருந்ததைக் கழித்து, பக்க எண்படி அடுக்கி, ஓரத்தில் தைத்து மேஜை டிராயரில் வைத்தேன். புதிதாகக் கெட்ட பக்கம் வரும்போதெல்லாம் நூலைப் பிரித்து, சேர்த்து, மறுபடி தைப்பேன். இப்படியே ஒன்பது வருடம்.

இந்த வருடம் கல்லூரியில் வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். அறிவிப்பை நூறு காப்பி எடுக்கக் கொடுத்தார்கள். எடுத்தவள் அவள்தான். மறுநாளே படிவம் வாங்கி வந்தாள்.

ஊரே அவளுக்குப் பாடம் தேர்ந்தெடுக்கக் கிளம்பியது. தம்பி போனில், "மூணு வருஷ வாடகை என் பொறுப்பு அக்கா, ஆனா கம்ப்யூட்டர் எடு" என்றான். டெய்லர், "சட்டம் படிம்மா, என் வாடகை கேஸ் ஒண்ணு இழுத்துக்கிட்டே கெடக்கு" என்றார். ரெண்டுபக்கம் நேரடியாகவே வந்தார்.

"ஈவினிங் காலேஜ்ல காமர்ஸ் இருக்கும்மா. பகல்ல மெஷின், சாயங்காலம் படிப்பு. எதுக்கும் ரெண்டு பக்கம் வேணும்."

அவர் சொன்னதைக் கேட்டு நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஜியாலஜி பகலில் மட்டும்தான். அதில் சேர்ந்தால் அவள் கடையை விட வேண்டும்.

படிவம் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. ஐந்து மணிக்கு அலுவலகத்தை மூடிவிடுவார்கள். மூன்றரைக்குப் படிவத்தை என் மேஜைமேல் வைத்தாள். எல்லாம் நிரப்பியிருந்தது. அந்த ஒரு கட்டம் மட்டும் காலி.

"ஈவினிங் காமர்ஸ்னே எழுதிடட்டுமா பைண்டரே? மெஷின விட வேண்டாம். இங்கயே இருந்துடலாம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"உங்களுக்கு எது பிடிக்கும்?" என்றேன்.

"அதான் தெரியலையே. இருபத்திரண்டு வருஷமா இந்தக் கட்டம் காலியாவே கெடக்கு. எல்லாம் அடுத்தவங்க பக்கம். அதுல உனக்கு எது பிடிக்குதுன்னு என்னைக் கேக்க யாரு இருந்தா, சொல்லுங்க?"

நான் இருந்தேன். மூன்றடி தள்ளி.

காலையிலேயே தையல் நூலை உருவியிருந்தேன். கொடுத்தால் தற்செயலாகக் கண்ணில் பட்ட வேஸ்ட் மாதிரி இருக்கட்டும் என்ற சாமர்த்தியம். கொடுப்பதா வேண்டாமா என்பதைத்தான் மூன்றரை மணி வரை முடிவு செய்யாமல் இருந்தேன். டிராயரைத் திறந்து, அந்தத் தாள்கட்டை எடுத்து, மேஜையில் தட்டிச் சமன் செய்து அவளிடம் நீட்டினேன்.

"வேஸ்ட் பெட்டிய கிளறினேன். இதெல்லாம் நீங்க கெடுத்தது. என்ன பாடம்னு பாருங்க."

முதல் தாளில் தன் கட்டைவிரலைப் பார்த்துச் சிரித்தாள். "ஐயோ, இவ்வளவா கெடுத்தேன்!" அடுத்ததைத் திருப்பினாள். "இது ஆறு வழி மாறுற எடம். ஞாபகம் இருக்கு. அன்னைக்கு ரெண்டுபக்கம் கத்து கத்துன்னு கத்தினாரு." இன்னொன்று. "இது மலை கடலுக்குள்ள இருந்த காலத்த சொல்றது." முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பதினாறு வருடத்தில் எத்தனை முறை அது மலர்ந்திருக்குமோ, நான் அவளுடைய முதுகுப் பக்கம் உட்கார்ந்திருந்தவன்.

பிறகு கை நின்றது. பதினான்கு, பதினைந்து, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று கீழே இருந்த எண்களைப் பார்த்தாள்.

"வேஸ்ட் பெட்டியில பக்க வரிசையாவா விழும்?"

என் சாமர்த்தியம் அதோடு சரி. இருபது வருடமாகத் தாள் அடுக்கிய கைக்குக் கலைத்துக் கொடுக்கத் தோன்றவில்லை. அவள் ஒரு தாளை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். ஓரத்தில் ஐந்து துளை தெரிந்தது.

"தெச்சிருக்கீங்க."

நான் திறந்திருந்த டிராயரை மூடினேன்.

"எப்பலேர்ந்து?"

"ஒன்பது வருஷம் ஆச்சு."

"அப்ப எனக்கு முப்பது," என்றாள். "அன்னைக்கு வயசு வரம்பும் முப்பது."

அப்போது தம்பி படித்துக்கொண்டிருந்தான், எப்படியும் அவள் போயிருக்க மாட்டாள் என்று எத்தனையோ நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அந்த வாதத்தை அவளிடம் எடுக்கவில்லை. "போயிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். அதையாவது பொய் கலக்காமல் சொன்னேன்.

அவள் தலை நிமிரவில்லை. தாள்களை மறுபடியும் புரட்டினாள்.

"நாப்பத்தெட்டு இல்லையே."

"அத நீங்க சரியா எடுத்துட்டீங்க. கேட்டவங்க கொண்டுபோயிட்டாங்க."

பேனாவை எடுத்தாள். கட்டத்துக்குள் ஒரே சொல். எழுதி முடித்து, படிவத்தையும் தாள்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு, தெருவைக் கடந்து வாசலுக்குள் போனாள். பக்கத்துக் கடைக்குப் போனாலும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அன்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் கடையை விட்டாள். கூழாங்கற்களைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டாள். மெஷினுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், எதையும் படிப்பதில்லை, வேஸ்ட் பெட்டி காலியாகவே கிடக்கிறது. ரெண்டுபக்கத்துக்கு ஏக சந்தோஷம். காலை ஒன்பதரைக்கு ஜெராக்ஸ் மெஷினை விட்டுப் போனவள் கல்லூரி வாசலுக்குள் நுழைவதை மேஜையிலிருந்து பார்ப்பேன். அவள் இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். இத்தனை வருடம் முதுகைப் பார்த்தே பழகியவனுக்கு அது புதிதில்லைதான். ஆனாலும் மூன்றடிக்கும் ஒரு தெருவுக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு நாளும் வலித்தது.

மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தாள். கையில் நூலகத்துத் தடிப் புத்தகமும் என் பழைய கட்டும் இருந்தன. வெயிலில் அலைந்து கறுத்திருந்தாள், செருப்பில் செம்மண்.

"இல்லாத பக்கத்தையெல்லாம் எடுத்துச் சேக்கணும். ஒரு தடவைக்கு ரெண்டு பக்கம் போதும்" என்றாள்.

புதுப் பெண் எழுந்தாள். நான் முந்திக்கொண்டு மெஷினுக்குப் போனேன். நாற்பத்தெட்டையும் நாற்பத்தொன்பதையும் எடுத்து, இடம் பார்த்துச் செருகி, தைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் வருகிறாள். அதிகம் பேசுவதில்லை. ஒன்பது வருடம் அவ்வளவு சுலபத்தில் தீராது, தீர வேண்டும் என்று நான் கேட்கவும் முடியாது. எத்தனை பக்கம் பாக்கி என்பது எனக்கு மனப்பாடம்.

போன வெள்ளிக்கிழமை நான் புத்தகத்தைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தபோது அவள் பாறைகளைப் பற்றிப் புதுப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். புத்தகம் நகர்ந்தது. எழுத்தெல்லாம் இழுபட்டு, ஓரத்தில் என் கட்டைவிரல் கறுப்பாக விழுந்த தாள் வெளியே வந்தது. ரெண்டுபக்கம் உள்ளேயிருந்து கத்தினார்.

அவள் அந்தத் தாளை எடுத்துச் சற்று நேரம் பார்த்தாள். வேஸ்ட் பெட்டியில் போடவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"சரியா வரல," என்றாள். "இந்தப் பக்கத்த அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்துக்கலாம். போயிட்டு வரேன்."

அதைத் திரும்ப எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பதினாறு வருடம் அந்த மெஷினில் நின்றவளுக்கு அது தெரியாதா என்ன.