கொழும்புச் சுவரில் எங்கள் கரைவலை

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், கறுப்பர்கள் செய்த படங்களையும் சிற்பங்களையும் பார்க்க நான் கொழும்புக்குப் போனேன். போனேன் என்றால், மாமா போனார். நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீசு படிக்கிற பிள்ளை பக்கத்தில் இருந்தால் உதவும் என்று மாமி சிபாரிசு செய்தாள்.

மாமியைக் கட்டிய மாமா, எங்கள் பக்கத்தில் காப்பிரி என்று சொல்லப்படும் குடும்பத்தவர். அவருடைய முன்னோரை எந்தக் காலத்திலோ ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார்களாம். கற்பிட்டிக் கரையில் தோணிகளுக்குச் சாயம் பூசுவது அவர் வேலை. மிஞ்சிய சாயத்தால் கிழிந்த பாய்ச்சீலையில் படம் வரைவார். அப்படி ஒரு படத்தில் எங்கள் ஆட்களைக் கரைவலை இழுக்க வைத்திருந்தார். மனிதருக்குப் பூச வேறு நிறம் மிஞ்சாததால், தோணிக்கு அடிக்கும் கறுப்புத் தாரையே எல்லோருக்கும் அப்பிவிட்டார். வரிசையின் முன்னால் தலைப்பாகையோடு குனிந்து இழுப்பவர் என் அப்பா.

அந்தப் படத்தைக் கொழும்புக்கு எடுத்துப்போனவர் மாமாவின் சிநேகிதரான ஆப்பிரிக்கச் சிப்பாய். யுத்தத்துக்காக வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்து பக்கத்து முகாமில் இருந்தவர். மரத்தில் உருவம் செதுக்குவார். இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது. கையாலேயே நாள் முழுக்கக் கதைப்பார்கள். தங்கள் ஆட்களின் கண்காட்சி நடக்கப்போகிறது என்றதும், மாமாவின் படத்தையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மண்டபத்துக்குள் எதை முதலில் பார்ப்பதென்றே எனக்குத் தெரியவில்லை. என் உயரத்துக்கு ஒரு மர ஒட்டகச்சிவிங்கி நின்றது. இப்படியொரு பொய் மிருகத்தை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். சிவந்த மண்பாதை, மேளம் அடிக்கும் கிழவி, பல்லைக் காட்டும் முகமூடி! ஓடினேன், திரும்பி வந்தேன், மறுபடி ஓடினேன். அப்போதுதான் கண்டேன்.

“மாமா, ஓடி வாங்கோ! அப்பா சுவரில நிக்கிறார்!”

சிப்பாய் படத்தின் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மாமா சிரித்தார்.

“கீழ என்ன எழுதிக் கிடக்கு? வாசி புள்ள.”

“ஆப்பிரிக்க ஏரியில் மீன் பிடிப்போர்” என்று சொன்னேன். எனக்கென்றால் துள்ளிக்குதிக்கத் தோன்றியது. அப்பா ஆப்பிரிக்கா போய்விட்டாரே! மாமாவின் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

“அந்த வெள்ளைக்காரத் துரைசாணியிட்டச் சொல்லு. இது எங்கட கரை. முன்னால நிக்கிறது என்ர மச்சான்.”

“சொன்னாக் கழட்டிப்போடுவா, மாமா.”

“கழட்டட்டும். நீ சொல்லு.”

நான் சொன்னதும், கண்காட்சியை நடத்திய துரைசாணி மாமாவை மேலும் கீழும் பார்த்தாள். அப்படியானால் இவர் ஆப்பிரிக்கர் இல்லையா என்று கேட்டாள். ஓம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம் என்று விளக்க என் இங்கிலீசு போதவில்லை. அவள் நல்ல மனுஷிதான். எல்லோரும் இந்தப் படத்தைத்தான் பார்க்கிறார்கள், எழுதியது எழுதியபடி இருக்கட்டும், படமும் இருக்கட்டும் என்றாள். நான் அதை மாமாவுக்குச் சொன்னேன்.

மாமா நேரே படத்தடிக்குப் போனார். ஆணிகளை ஒவ்வொன்றாகத் தானே கழற்றினார். என்னவென்று விளங்காமலே சிப்பாயும் மறுமுனையைப் பிடித்துச் சுருட்டிக் கொடுத்தார்.

ரயிலில் சிலாபம் வரும்வரை நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். அவரோ படத்தை மடியில் விரித்து, யார் யார் எந்தக் குடிசைக்காரர் என்று முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டி, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

“இன்னும் கோவமோ?”

“எவ்வளவு வடிவா இருந்திச்சு! பேரை மாத்தினா என்ன குறைஞ்சு போச்சு?”

“உன்ர அப்பாவை, ஆரெண்டு தெரியாத இடத்தில விட்டிட்டு வரச் சொல்றியா?”

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அப்பா கற்பிட்டியில் அல்லவா இருக்கிறார்? இந்நேரம் வலையை உலரப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பாரே.