கண்ணாடி பேங்க்கைக் குளிர வைத்தவர்

யார் கேட்டாலும் அக்கா, "அவர் பேங்க்ல இருக்கார்" என்று மட்டும்தான் சொல்வாள். கேட்டவர்கள் அத்தானை ஏதோ பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் திருத்த மாட்டாள். பொய்யும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அத்தான் பேங்க்கில்தான் இருந்தார். தரைக்குக் கீழே, குளிர்சாதன இயந்திரங்கள் இருந்த நிலவறையில்.

அந்தக் கட்டடம் போய்ச் சில வருஷம் ஆகிறது. அத்தான் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஊரில் அதற்குக் கண்ணாடி பேங்க் என்று பெயர். எட்டு மாடி. நாலு பக்கமும் கண்ணாடி, நடுநடுவே கத்தி மாதிரி நிற்கும் கான்கிரீட் பட்டைகள். கீழ்த்தளக் கூடத்தில் ஒரு தூண் கிடையாது. அவ்வளவு பெரிய கூரை எதன்மேல் நிற்கிறது என்று புதிதாக வருபவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். கட்டடத்தில் ஒரு ஜன்னல்கூடத் திறக்காது. திறக்கத் தேவையில்லை என்பதுதான் அதைக் கட்டிய காலத்துப் பெருமை. வெளியே வெயில் கொளுத்தும்போது, கணக்கே இல்லாதவர்கள் எல்லாம் ஒரு சலானைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றுவிட்டுப் போவார்கள்.

அந்தக் குளிருக்குச் சொந்தக்காரர் அத்தான். அவர் அக்காவைக் கட்டியபோது நான் கல்லூரியில் இருந்தேன். படிப்பு முடிந்ததும் அதே வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தேன். காசாளர் பெண்கள் அவருக்குப் பனிக்கரடி என்று பெயர் வைத்திருப்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. கரடி என்று சொல்ல உடம்பில் ஒன்றும் இல்லை, ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். ஆனால் கடும் வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டையோடு படியேறி வருகிறவர் அவர் ஒருவர்தான்.

காசாளர்களில் இரண்டு பேருக்கு ஓயாத சண்டை.

"என்னங்க இது, எலும்பு வரைக்கும் குத்துது. இங்க மனுஷங்க உக்காந்திருக்கோமா, மீன் உக்காந்திருக்கா?" என்பார் ஒருவர்.

"எனக்கு வேகுது. அவங்களுக்கு வேணும்னா ரெண்டு சட்டை போட்டுக்கச் சொல்லுங்க" என்பார் மற்றவர்.

அத்தான் இருவருக்கும் தலையாட்டிவிட்டு, சுவரில் இருந்த வட்டக் குமிழை மெல்லத் திருகுவார். காதை வைத்துக் கேட்பார். "சரி பண்ணிட்டேன்மா, கால் மணி நேரம் கொடுங்க" என்பார். கொஞ்ச நேரத்தில் இருவருமே சமாதானமாகிவிடுவார்கள்.

"அது எப்படி அத்தான், ஒரே திருகுல ரெண்டு பேருக்கும் சரியாகுது?" என்று கேட்டேன்.

"அந்தக் குமிழுக்கு ஒயரே கிடையாது மச்சான். வெளிய வாயத் திறந்தே, உன் மேசையை வெயில் பக்கம் தள்ளிடுவேன்."

விளையாட்டாகச் சொன்னாலும் வேலையில் விளையாட மாட்டார். குளிர் குறைந்ததாக ஒரு மேலாளரும் அவரைக் கூப்பிட்டுப் பேசியதில்லை. அதுதான் அவருக்குப் பெருமை. கூரையில் எங்காவது ஈரக்கறை தெரிந்தால் அன்று சாயங்காலமே ஏணி வைத்து, பொய்க்கூரைப் பலகையைக் கழற்றி மேலே ஏறிவிடுவார். உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்கள் உத்தரங்களை ஒட்டிப் போகும். குழாய் வேர்த்துச் சொட்டாமல் இருக்க அதன்மேல் பஞ்சு சுற்றியிருக்கும். வேர்வை மீறி வந்த இடத்தில் இவர் புதுப் பஞ்சை இன்னொரு சுற்று சுற்றிக் கட்டுவார். மறுநாள் கறை காய்ந்திருக்கும். மேலாளர் தோளில் தட்டிக்கொடுப்பார். வருஷக்கணக்காக அந்தக் கூரை சொட்டியதே இல்லை.

பிறகு எங்கள் வங்கியை இன்னொரு வங்கியோடு சேர்த்தார்கள். எங்களைப் புறவழிச் சாலையில் ஒரு வாடகைக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அங்கே சுவருக்குச் சுவர் சின்னச் சின்னக் குளிர்ப்பெட்டிகள், ரிமோட்டை வைத்துக்கொண்டு அவரவர் சண்டை. நிலவறையும் இல்லை, அத்தானுக்கு வேலையும் இல்லை. ஓய்வுக்குக் கொஞ்ச காலம் இருந்ததால், காலிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரை அங்கேயே விட்டார்கள்.

ஆள் இல்லாத கண்ணாடிக் கட்டடம் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அவர் முதல் மாதமே சொன்னார். உள்ளே காற்று நின்றுவிட்டது, கம்பளத்தில் பூஞ்சை ஏறுகிறது, மர மேசைகள் உப்புகின்றன. வாரத்துக்கு இரண்டு நாளாவது இயந்திரத்தை ஓட்ட அனுமதி வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அவர்கள் பதிலுக்கு மின்சாரத்தையே துண்டித்தார்கள்.

அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். ஒவ்வொரு மாடியிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒவ்வொரு கண்ணாடியாகத் திருகு கழற்றி இறக்கி வைத்தார். வாழ்நாள் முழுக்க ஒரு விரிசல் வழியாகக்கூட வெளிக்காற்று வராமல் காத்தவர்.

"இப்ப வந்து பாரு மச்சான். கட்டடம் மூச்சு விடுது" என்று என்னை அழைத்துப் போனார். ஐந்தாம் மாடியில் நின்றோம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போனது. தெருச் சத்தம் கேட்டது. அந்தக் கட்டடத்துக்குள் தெருச் சத்தத்தை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். மழை வரும்போலிருந்தால் போய்க் கண்ணாடிகளை மாட்டிவிடுவார். விட்டதும் கழற்றுவார். மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் வீங்கியது.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகள் கழற்றியபடி கிடந்தன. "போய் மாட்டிட்டு வந்துடறேன்" என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். அக்கா சாவிக்கொத்தை எடுத்துத் துணி அலமாரிக்குள் ஒளித்து வைத்தாள்.

"சாவி எங்கடி?"

"நானே முழுங்கிட்டேன். படுங்க பேசாம."

"தண்ணி உள்ள போகுது."

"போகட்டும். உங்க நெஞ்சுக்குள்ள போறத மொதல்ல பாருங்க. கட்டடம் வேற கிடைக்கும்."

அவர் எழுந்து நடமாட மூன்று வாரம் ஆனது. அதற்குள் மேல்மாடிகளில் கணுக்கால் அளவு தண்ணீர். புறாக்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்திருந்தன. அடுத்த வருஷம் கூடத்தின் கூரையிலிருந்து ஒரு பெரிய காரைத் துண்டு விழுந்தது. பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். தண்ணீர் இறங்கிக் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன, நிற்கத் தகுதியில்லை, இடிக்க வேண்டும் என்றார்கள்.

கட்டடக்கலை படித்த சில பேர் ஓடி வந்தார்கள். படம் எடுத்தார்கள், வாசலில் துணிப்பதாகை கட்டினார்கள். இத்தனை வருஷம் உள்ளேயே இருந்தவர் என்று தெரிந்து அத்தானையும் பேசக் கூப்பிட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பதாகை வெயிலில் வெளுத்தது. இடிப்பதற்கு நாள் குறித்தார்கள்.

அன்றிலிருந்து அவர் பாதி ஆளாகிவிட்டார். தட்டில் வைத்ததைக் கிளறிவிட்டுக் கை கழுவுவார். கேட்டால் ஒரே பேச்சு. "நான்தான் கொன்னுட்டேன். பூட்டியே வச்சிருந்தா நின்னிருக்கும்." வீட்டுக்குள் அந்தப் பேச்சு ஒரு ஆளைப் போல நடமாடியது. அக்கா முதலில் அதட்டிப் பார்த்தாள், பிறகு கெஞ்சிப் பார்த்தாள். ஒருநாள் நான் போயிருந்தபோது சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் தன்னையே சொல்லிக்கறார்டா. ஆனா சாவிய எடுத்து வச்சது யாரு? நான் விட்டிருந்தா, போய் மாட்டிட்டு வந்திருப்பார். அவர் ஒரு நாளும் என்னைச் சொல்ல மாட்டார். அதுதான் எனக்குத் தாங்கல."

உடம்புதானே முக்கியம் என்றேன். அதைத்தான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

இடிப்பு மேலிருந்து தொடங்கியது. நீண்ட கழுத்துள்ள இயந்திரம் ஒன்று மாடி மாடியாகக் கடித்துக்கொண்டே இறங்கியது. நான் மதிய இடைவேளைகளில் போய்ப் பார்ப்பேன். தகரத் தடுப்புக்கு வெளியே தேநீர் குடிக்க வரும் இடிப்பு மேஸ்திரி பழக்கமானார். எதையும் சத்தமாகவே சொல்கிற மனிதர். ஒருநாள் பேச்சுவாக்கில், பாவம், ஜன்னல் வழியாகப் போன மழைத்தண்ணீர்தான் இதைக் கெடுத்துவிட்டதாமே என்றேன்.

"எவன் சொன்னான்? மழைத்தண்ணி மேலோட வந்து மேலோட காஞ்சு போச்சு. கண்ணாடி கழட்டின பக்கமெல்லாம் கம்பி புதுசு மாதிரி இருக்கு சார், வெட்ட முடியாம என் பசங்க திணறுறாங்க. கெட்டுப்போனது உள்பக்கம். அது ரொம்பப் பழைய துரு."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மேலே எதுவும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் அத்தானைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன். மேஸ்திரியின் வாயாலேயே கேட்கட்டும் என்று நினைத்தேன். அவர் அங்கே வேலை பார்த்தவர் என்று நான் மேஸ்திரியிடம் சொல்லவில்லை. "எங்க அத்தான், பாக்கணும்னார்" என்றேன்.

கூடத்தின் கூரை மட்டும் மிச்சமிருந்தது. மேஸ்திரி எங்கள் தலையில் ஆளுக்கொரு தொப்பியை வைத்து உள்ளே கூட்டிப் போனார். முதலில், மேல்மாடிகளிலிருந்து இறக்கிப் போட்டிருந்த வெளிப்பக்கக் கம்பிகளைக் காட்டினார். ஜன்னல் கழற்றிய பக்கத்தவை. நன்றாகத்தான் இருந்தன. அத்தான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் இளகுவதை நான் பார்த்தேன். பிறகு நடுக்கூடத்துக்குப் போனோம். ஓர் உத்தரம் பாதி உடைந்து தொங்கியது. அதிலிருந்த கம்பியை அத்தான் தொட்டதும் ஏடு ஏடாக உதிர்ந்தது.

"இதுதான் சார் கட்டடத்தைத் தின்னது. குளிர்க்குழாய் போற வழியெல்லாம் இப்படித்தான்" என்ற மேஸ்திரி, கீழே கிடந்த குழாய்த் துண்டு ஒன்றைக் காலால் புரட்டினார். பஞ்சு கறுத்துப்போய், முட்டைக்கோஸ் மாதிரி சுற்றுமேல் சுற்றாக இருந்தது. "இதப் பாருங்க. எந்த மடையன் பண்ணானோ. ஈரப் பஞ்சைப் பிரிச்சுப் போடாம, அதுமேலயே சுத்திச் சுத்திக் கட்டியிருக்கான். வெளிய சொட்டல, எல்லாருக்கும் நிம்மதி. உள்ள ஊறி ஊறி, உத்தரம் வருஷக்கணக்கா தண்ணியில கிடந்திருக்கு."

நான் மேஸ்திரியை நிறுத்த நினைத்தேன். அதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார்.

அத்தான் குனிந்து ஒரு சுற்றைப் பிரித்துப் பார்த்தார். கட்டியிருந்த முடிச்சை விரலால் தடவினார்.

"பழசைப் பிரிக்கணும்னா இயந்திரத்த ரெண்டு நாள் நிறுத்தணும்" என்றார்.

"நிறுத்த வேண்டியதுதானே?"

"வேண்டியதுதான்."

தொப்பியைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்தார். "ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டார்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். நான்தான் ஆரம்பித்தேன். "ரெண்டு நாள் நிறுத்த அவங்க எங்க விட்டிருப்பாங்க அத்தான்? மேலாளர் குதிச்சிருப்பார்."

"நான் கேக்கவே இல்ல மச்சான். குதிப்பாங்கன்னு நானா நினைச்சுக்கிட்டேன்."

பேருந்து வந்தது. ஏறவில்லை. அது போன பிறகு சொன்னார்:

"உங்க அக்காகிட்ட, ஜன்னல் தண்ணியால இல்லனு மேஸ்திரி சொன்னத மட்டும் சொல்லு. பஞ்சு கதை வேணாம்."

"ஏன் அத்தான்?"

"ராத்திரியில எழுந்து உக்காந்துக்கறா. நான் தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டு அலமாரியப் பாத்துட்டே இருக்கா. இனிமேலாவது படுக்கட்டும்."

வீட்டில் அக்கா அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். இடிப்பு மேஸ்திரி சொன்னதை நான் சொன்னேன். மழைத்தண்ணீருக்கும் கட்டடம் கெட்டதற்கும் சம்பந்தமே இல்லை, கண்ணாடி கழற்றிய பக்கம்தான் கடைசி வரைக்கும் நன்றாக இருந்தது என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"மேஸ்திரியே சொன்னாரா? உன்கிட்டயா, இவர்கிட்டயா?"

"ரெண்டு பேர்கிட்டயும்தான். அத்தான் கையால தொட்டே பாத்தார்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ... நான் சாவிய எடுத்து வச்சது?"

"அதனால ஒண்ணுமே ஆகலடி" என்றார் அத்தான். "நீ எடுத்து வச்சதாலதான் நான் இருக்கேன்."

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நான் அருகில் போகப் பார்த்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினார். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. "எத்தனை மாசம்! கொன்னுட்டேன் கொன்னுட்டேன்னு என்னையும் சேத்துக் கொன்னீங்களே. இப்ப என்ன சொல்றீங்க?"

"பசிக்குதுன்னு சொல்றேன்."

அதற்குப் பின் வாழ்ந்த காலத்தில் அவர் கட்டடத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த இடத்தில் இப்போது வண்டிகளை நிறுத்துகிறார்கள். அக்கா வருகிறவர்களிடமெல்லாம் மேஸ்திரி சொன்னதைச் சொல்வாள். அப்போது அவர் தினசரியைப் பிரித்துக்கொள்வார். அன்று, அவர் பசி என்றதும் அவள் தட்டு வைத்தாள். எதிரே உட்கார்ந்து, அவர் கை வாய்க்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். அவள் இன்னொரு கரண்டி வைத்தாள். அதையும் சாப்பிட்டார்.