வண்டிக்கு ஒரு விண்டோ

கார்குழலிக்கு 2008 மழைக்காலம் முழுக்க ஒரே பேஜாரு. வியாசர்பாடியிலிருந்து பஸ் ஏறி, திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு வைத்திருந்த சுடலைராஜிடம் பில் அடிக்கப் போனவள், கம்ப்யூட்டர் படித்த தைரியத்தில் வாயைக் கொடுத்துவிட்டாள். துறைமுக வாசல் வரிசையில் எந்த டிரெய்லர் எங்கே நிற்கிறது என்று ஆபீஸ் திரையிலேயே பார்க்கலாம், எதையும் அழுத்த வேண்டாம், தானாக மாறும் என்று. சனிக்கிழமைக்குள் ஒழுங்காக ஓடாவிட்டால் பழையபடி செல்போன்தான், நீயும் பழையபடி பில்தான் என்றார் முதலாளி.

அவள் செய்திருந்தது இவ்வளவுதான். திரையிலுள்ள பக்கம் சர்வரிடம் சேதி கேட்டுவிட்டு, போனைக் கீழே வைக்காதவரைப் போலக் காத்திருக்கும். துறைமுக வாசலில் இருக்கும் ஆள் அங்கிருந்து வண்டி நிலவரத்தைத் தட்டியதும் சர்வர் பதில் சொல்லும். பக்கம் மாறும், உடனே மறுபடி கேட்கும். முதலாளி அறையில் ஜோராக ஓடியது. வண்டிகளை அனுப்பும் முப்பிடாதியின் மேஜையில் மட்டும் காலையில் ஓடி, கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக நின்றுவிடும். கேபிளை மாற்றினாள். சர்வரைத் திட்டினாள். சோற்றுத் தட்டை எதற்கு முறைக்கிறாய் என்று கேட்ட அம்மா ரமாபாயையும் முறைத்தாள்.

வெள்ளிக்கிழமை முப்பிடாதி பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் மனிதர் அதே பக்கத்தை இன்னொரு விண்டோவில் திறந்தார். பழையதை மூடவில்லை. ஒவ்வொரு விண்டோவும் ஒரு இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்; அந்தக் காலத்து பிரவுசர் ஒரு சர்வரோடு இரண்டு இணைப்புக்கு மேல் பிடித்து வைக்காது. மூன்றாவது வண்டி கிளம்பியது, எல்லாம் நின்றது.

மூடச் சொன்னாள். அவர் பின்சுவரைக் காட்டினார். ஆணிகளில் வண்டிக்கு ஒரு சிலேட்டு, ஒவ்வொன்றின் மூலையிலும் குங்குமம். வண்டி போகும்போது எழுதுவது, யார்டுக்குத் திரும்பிய பிறகுதான் அழிப்பது.

“வண்டி ரோட்டுல கெடக்கும்போது மூடச் சொல்லுதியே, ஏதாவது ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?”

“மூணாவது தொறந்தீங்கன்னா மூணுமே செத்துப்பூடுது அண்ணே. அது மட்டும் நல்ல சகுனமா?”

அவர் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவள்தான் மாற்றினாள். ஒரே பக்கம், ஒரே இணைப்பு. அந்தப் பக்கத்துக்குள்ளேயே எல்லா வண்டிக்கும் சிலேட்டு, சுவரில் இருக்கும் அதே வரிசையில். வண்டி யார்டுக்குள் வந்தால்தான் அழியும்.

சனிக்கிழமை எல்லா வண்டியும் வெளியே. திரையில் சிலேட்டுகள் தாமாகவே மாறிக்கொண்டிருந்தன. மதியம் தாண்டியும் வெள்ளையாகவில்லை. பின்னால் நின்று பார்த்த சுடலைராஜ், பில்லுக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டு என்று வந்தது அதுதான்.

முப்பிடாதி மட்டும், குங்குமத்தைக் காணோமே என்று முணுமுணுத்தபடி, இன்னொரு விண்டோ திறக்க மவுஸை நகர்த்தினார்.

“இருங்க அண்ணே. எங்க வூட்ல புத்தர் படத்துக்கே பூ மட்டும்தான் வெக்கிறோம், உங்க லாரிக்கு நான் பொட்டு வெச்சிகினு கீறேன்.”

ஒவ்வொரு சிலேட்டின் மூலையிலும் சிவப்பாக ஒரு புள்ளி போட்டாள். கடைசி வண்டிக்கும் விழுந்ததா என்று பார்த்த பிறகே அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.