பஞ்சுவின் மணிக்கட்டு

கார் சீட் தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர்களின் தலையில் எப்போதும் ஃபோம் தூள் படிந்திருக்கும். எவ்வளவு உதறினாலும் காதோரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வீடு வரும். அவளுக்குப் பஞ்சு என்று பெயர் வந்தது அப்படித்தான். வைத்தவர் பட்டறை முதலாளி. நாளடைவில் வீட்டிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது. அவள் அம்மா மட்டும், "நல்ல பேரா தேடித் தேடி வச்சேன், யாரு கூப்பிடுறா?" என்று அலுத்துக்கொள்வாள்.

பஞ்சுவுக்கு இருபது வயது இருக்கும்போது, தாடி வைத்த ஒருவன் கிழிந்த வட்ட ஸ்டூல் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். டிரம்ஸ் வாசிப்பவர் உட்காரும் ஸ்டூல்.

"இதுல உட்கார்றவங்க சும்மா உட்கார மாட்டாங்க. குதிப்பாங்க. அதுக்குத் தகுந்த மாதிரி தைச்சுக் கொடுங்க" என்றான்.

பஞ்சு ஃபோமை இரண்டடுக்காகப் போட்டு, பஸ் சீட்டுக்குப் போடும் தடித்த ரெக்ஸினை மேலே இழுத்துக் கட்டினாள். சொன்ன நாளில் அவன் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. போகிற வழிதானே என்று சாயங்காலம் அவளே எடுத்துக்கொண்டு போனாள். அவன் எழுதிக் கொடுத்திருந்த விலாசம் ஒரு பெயின்ட் கடையின் பின்பக்க குடோன். உள்ளே மூன்று பேர் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருக்கிறான்.

"உட்கார்ந்து பாருங்க, ஆடுதான்னு" என்று பஞ்சு ஸ்டூலைக் கீழே வைத்தாள். உட்கார ஆளில்லை. சரி, தானே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். எதிரே டிரம்ஸ் இருந்தது, மேலே இரண்டு குச்சிகள் கிடந்தன. கால் தானாகவே பெடலைத் தேடிப் போனது. பட்டறையில் நாள் முழுக்கக் கால் ஒரு வேலையும் கை ஒரு வேலையும் செய்கிற பழக்கம். கால் மிதிக்க, கை அடிக்க, குடோனின் தகரக் கூரை அதிர்ந்தது. மூன்று பேரும் சண்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்று கேட்டான் தாடிக்காரன்.

"தையல் மெஷின்கிட்ட."

அந்த மூன்று பேரில் தாடிக்காரன் எலக்ட்ரீஷியன். கிட்டார் வாசிப்பான். எல்லோரும் கரண்ட் என்று கூப்பிடுவார்கள். பேஸ் கிட்டார் வாசித்தவனுக்கு அந்த வயதிலேயே தலை முக்கால்வாசி நரைத்திருந்ததால் சித்தப்பா என்று பெயர். ஒரு பெரிய ஆபீஸில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். பாடுகிறவன் சைரன். பகலில் வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறித்துக்கொண்டு வருவது அவன் வேலை.

அவர்கள் வாசித்தது ஹார்ட்கோர் பங்க். ராகம் தாளம் என்று நிதானமாக உட்கார்ந்து கேட்கிற சமாச்சாரம் இல்லை அது. ஒரு நிமிஷத்தில் பாட்டு முடிந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் நான்கு பேரும் உயிரைக் கொடுத்து வாசிக்க வேண்டும். பாட்டைப் பாடுவது என்று சொன்னால் சைரனே சிரிப்பான். அவன் செய்வது கத்துவதுதான். ஊரில் அதற்கென்று ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. கிளார்க்குகள், மெக்கானிக்குகள், காலேஜ் பிள்ளைகள். மேடை கிடையாது. பழைய பேட்மின்டன் ஹாலில் தரையிலேயே வாசிப்பார்கள், மூக்குக்கு நேரே கூட்டம் நின்று குதிக்கும், இடிக்கும், ஒருவர் மேல் ஒருவர் விழும்.

பஞ்சுவின் முதல் கச்சேரியில் அவள் சிம்பல் தட்டின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் ஒருவன், "சாமான் செட் பண்ண ஆள் வச்சிருக்காங்கடா, பெரிய ஆளுங்கதான்" என்றான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் பாட்டு முடிந்தபோது அவன் வாய் திறந்தபடி இருந்தது. மூன்றாவது பாட்டில் அவனே கூட்டத்தை விலக்கி அவளுக்கு இடம் விட்டு நின்றான்.

வீட்டில் அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "சத்தம் கேட்டா மனுஷன் கதவைச் சாத்துவான். நீ என்னடான்னா தேடிக்கிட்டுப் போறே" என்பாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லலாமா கூடாதா என்று அம்மாவும் அப்பாவும் தனியாக ஒரு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சுவே சொல்லிவிட்டாள். வந்தவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பேட்மின்டன் ஹாலுக்கு வந்து வாசலோரமாக, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நின்றார். கடைசிவரை நின்றார். முடிந்ததும் அவளிடம் வந்தார்.

"உங்க பெடல்ல கீச்சுனு ஒரு சத்தம் வருது. எண்ணெய் விடணும்."

"இந்த இரைச்சல்லயா கேட்டுச்சு?"

"அதுதாங்க என் வேலை."

பஞ்சு அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். கல்யாணம் ஆயிற்று. மகள் பிறந்தாள். அப்போது கொஞ்ச காலம் டிரம்ஸை மூடி வைத்தாள். கூட்டமும் அதற்குள் ஒருமுறை தேய்ந்து, மறுபடி வளர்ந்தது. பழைய ஆட்கள் காணாமல் போனார்கள், புதுப் பிள்ளைகள் வந்தார்கள். இவர்கள் நான்கு பேர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே குடோனில் கூடினார்கள். பட்டறையில் மிஞ்சிய ஃபோம் துண்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டியது பஞ்சுதான். பெயின்ட் கடைக்காரர் அதற்குப் பிறகுதான் நிம்மதியாகக் கணக்கெழுத ஆரம்பித்தார்.

நாற்பதைத் தாண்டியபோது கை மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் வலது கையில் கட்டைவிரலும் பக்கத்திலுள்ள இரண்டு விரல்களும், பிறகு லேசாக இடது கையும். எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து மரத்துப்போகும். பாட்டின் நடுவில் குச்சி நழுவும். குச்சியில் ரப்பர் சுற்றினாள். பிறகு நீளக்கைச் சட்டைக்கு மாறி, உள்ளே இறுக்கமாகத் துணி சுற்றினாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்த நேரம் பார்த்து இளம் பிள்ளைகளின் பேண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். மூத்தவர்கள் நீங்கள்தான் கடைசியாக வாசிக்க வேண்டும் என்று இவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பட்டாசு என்று ஒரு பெண் இருந்தாள். மருந்துக் கடையில் வேலை. அவள் டிரம்ஸ் அடிக்கும்போது கை கண்ணுக்குத் தெரியாது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் பஞ்சு சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொள்வாள்.

மகள்தான் காட்டிக் கொடுத்தாள். "அப்பா, அம்மாவால பட்டன் போட முடியல. என்னைக் கூப்பிட்டுப் போடச் சொல்றா" என்றாள், சாப்பிட்டுக்கொண்டே.

கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாத்தாங்க..."

"வண்டியில சத்தம் வந்தா அன்னைக்கே கொண்டு வரணும். நடுரோட்டுல நின்ன பிறகு இல்ல" என்றார். மறுநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

கை போய்விட்டது என்றே பஞ்சு நினைத்திருந்தாள். கை போனால் டிரம்ஸ் மட்டுமா போகும், பட்டறையும் போகும். டாக்டரம்மா மணிக்கட்டைத் தட்டினார், மடக்கினார், ஒயர் ஒட்டி விரல்களுக்கு மின்சாரம் விட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நரம்பு மணிக்கட்டுல நசுங்கியிருக்கு. ஆனா செத்துப் போகல. சரி பண்ணிடலாம்" என்றார். படுக்கும்போது கையில் பட்டை கட்ட வேண்டும், கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் சின்ன ஆபரேஷன், அவ்வளவுதான்.

"டிரம்ஸ் அடிக்கலாமா டாக்டர்?"

"எவ்வளவு வேகமா அடிப்பீங்க?"

பஞ்சு இரண்டு விரல்களால் மேஜையில் அடித்துக் காட்டினாள். பேனா ஸ்டாண்ட் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே போய்விட்டது. டாக்டரம்மா அதைப் பிடித்து நிறுத்தினார்.

"இது மனுஷக் கைக்கு ஆன வேகமாம்மா? பாதியாக்குங்க."

வெளியே வந்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். கணவர் பதறிப்போய், "நல்லதுதானே சொன்னாங்க?" என்றார். "அதாங்க அழுறேன்" என்றாள். வயிற்றில் இத்தனை நாள் கிடந்த கல் இறங்கிவிட்டது. ஆனால் வீடு வருவதற்குள் இன்னொரு கல் வந்து உட்கார்ந்துகொண்டது. பாதி வேகத்தில் அடிக்கிறவளை எந்த ஹார்ட்கோர் பேண்டு வைத்துக்கொள்ளும்? ஞாயிற்றுக்கிழமை போய், நான் விலகிக்கொள்கிறேன், பட்டாசைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அந்த வாக்கியத்தை பஸ்ஸில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

குடோனில் மூன்று பேரும் முன்பே வந்திருந்தார்கள். யார் முகமும் சரியில்லை. பஞ்சு வாயைத் திறப்பதற்குள் கரண்ட் கிட்டாரைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னான்: "கச்சேரியில அந்த 'நாய்' பாட்டு வேண்டாம்னு..."

"விட்டுடலாம்" என்றார்கள் மற்ற மூன்று பேரும், ஒரே குரலில்.

'நாய்' பாட்டுதான் அவர்களிடம் இருந்ததிலேயே வேகமானது. அதை வாசிக்காமல் அவர்களைக் கூட்டம் வீட்டுக்கு விட்டதே இல்லை.

"நீ ஏன் சரின்னு சொன்னே?" என்றான் கரண்ட், சைரனைப் பார்த்து.

"நீ ஏன் கேட்டே?"

சித்தப்பா பெருமூச்சு விட்டு சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடுப்பைச் சுற்றி அகலமாக ஒரு பெல்ட். "ஆறு மாசமா இதைப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன். குனிஞ்சா நிமிர முடியல." சைரன் பாக்கெட்டிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் போட்டான். "எனக்குப் பிரஷர். டாக்டர் பாட வேண்டாம்னு சொல்லல. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தாதேங்கிறாரு. மூச்சைப் பிடிக்காம எப்படிடா கத்துறது?"

"என்ன சொன்னே?" என்றான் கரண்ட்.

"பிரஷர்!"

"இல்லடா, எனக்குக் காதுல எப்பவும் கொய்ங்னு ஒரு சத்தம். ரெண்டு வருஷமா நீங்க பேசுறதுல பாதி கேட்கல. சும்மா தலையை ஆட்டிக்கிட்டிருந்தேன்."

"அடப்பாவி! எது சொன்னாலும் சரின்னு சொல்றானே, வயசானதும் நல்லவனாயிட்டான்னுல்ல நினைச்சேன்!" என்றான் சித்தப்பா. சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு கிட்டார் ஆம்ப் பெட்டி மேல் சாய்ந்தான்.

பஞ்சு சட்டைக் கையைச் சுருட்டித் துணிச் சுற்றைக் காட்டினாள். பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் வரவில்லை. "என்னை அனுப்பிட்டுப் பட்டாசைக் கூப்பிட்டுடுவீங்கன்னு பயந்தேன்" என்றாள்.

"அந்தப் பொண்ணு வேகத்துக்கு வாசிச்சா நாங்க மூணு பேரும் அங்கேயே போய்ச் சேர்ந்துடுவோம்" என்றான் சைரன். "நீ மெதுவா அடி தாயே. கும்பிடுறேன்."

அடித்தாள். 'நாய்' பாட்டையே பாதி வேகத்தில் எடுத்தார்கள். முதல் தடவை பாட்டரி தீர்ந்த டேப் ரெக்கார்டர் போல இழுத்தது. இரண்டாம் தடவை கரண்ட் கிட்டாரின் சுருதியை இறக்கினான். பாட்டு அப்படியே கீழே உட்கார்ந்து, கனத்துப்போய், நெஞ்சுக்கூட்டில் இடித்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. சைரன் கத்துகிற வார்த்தைகள் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டன. பஞ்சு குச்சியை நிறுத்தினாள்.

"'கேட்டுக்குப் பின்னாடி கட்டிப் போடு'ன்னா பாடுறே?"

"ஆமா."

"எந்த நாயை?"

"மீட்டர் பார்க்கப் போன வீட்டுல என்னைக் கடிச்ச நாயை. வேறெந்த நாயை?"

அந்தப் பாட்டு அதிகாரத்தில் இருப்பவர்களைத் திட்டுவது என்று ஊரில் அந்தக் கூட்டமே நம்பிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக் கண்கலங்கியவர்கள் உண்டு. பஞ்சுவும் அந்தக் கோபத்தில்தான் இத்தனை வருஷம் அடித்திருக்கிறாள். "தொப்புளைச் சுத்தி ஊசி போட்டாங்க. அந்தக் கோபம் மட்டும் நிஜம்" என்றான் சைரன்.

கச்சேரி ஒரு மத்தியானம். ஹால் நிறைந்திருந்தது. முதல் பாட்டை மெதுவாக எடுத்ததும், குதிக்கத் தயாராக நின்ற கூட்டம் ஒன்றும் புரியாமல் முழித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "சார்ஜ் போட்டுட்டு வாங்க!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்களுக்குச் சார்ஜ் ஏற நேரமாகும் தம்பி, நில்லு" என்றான் சைரன்.

சில பேர் டீக்கடைக்கு நழுவினார்கள். பஞ்சு அதைப் பார்த்தாள். வலிக்கத்தான் செய்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. நின்றவர்கள் மூன்றாவது பாட்டில் குதிப்பதை விட்டுவிட்டுத் தோளோடு தோள் சாய்ந்து அசைய ஆரம்பித்தார்கள். 'நாய்' பாட்டில் வார்த்தை புரிந்ததும் முன்வரிசை வெடித்துச் சிரித்தது. பிறகு அதே வரியை ஹால் முழுக்கத் திரும்பச் சொல்லியது.

கடைசிப் பாட்டு ஒன்றை மட்டும் பழைய வேகத்தில் வாசிப்பது என்று பேசியிருந்தார்கள். ஒரு நிமிஷம்தானே, மற்ற மூன்று பேரும் தாக்குப்பிடிப்பார்கள். பஞ்சு ஸ்டூலை விட்டு எழுந்து பட்டாசைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அந்தப் பெண் முகம் வெளுத்துப்போய் வந்தாள்.

"அக்கா, உங்க இடத்துலயா? எனக்குக் கை நடுங்குது."

"ஒரு நிமிஷம்தான். நடுங்கி முடிக்கிறதுக்குள்ள பாட்டு முடிஞ்சுடும்."

பஞ்சு கூட்டத்துக்குள் போய் நின்றாள். இருபது வருஷத்துக்கு மேலாகியும் அவள் தன் பேண்டை முன்பக்கமிருந்து பார்த்ததே இல்லை. சைரனின் முதுகும், ஈரமான சட்டையும், கழுத்துச் சதையும்தான் அவளுக்குத் தெரியும். இப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். கத்தும்போது அவனுக்குப் புருவம் இரண்டும் மேலே ஏறி, பல் வலிக்காரன் மாதிரி ஒரு கண் மூடிக்கொண்டது. சித்தப்பா கண்ணை மூடி, தூங்குகிற குழந்தை போலச் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த முகங்களையா இவ்வளவு நாள் பயந்துகொண்டிருந்தோம் என்று நினைத்தாள். பக்கத்தில் யாரோ இடித்தார்கள், இவளும் இடித்தாள். வாசலோரம் கணவர் நின்றிருந்தார். மகள் அவர் தோளைப் பிடித்து எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் வலது கைக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரிக்கும்வரை பஞ்சு ஞாயிறுதோறும் குடோனுக்குப் போய், சும்மா உட்கார்ந்து, வாசிக்கிற மூன்று பேரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டறை முதலாளி அவளைக் கொஞ்ச நாள் துணி வெட்டும் பக்கம் மாற்றிவிட்டார். இடது கையைக் கத்தி வைக்காமலே சரி செய்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

கட்டுப் பிரித்த பிறகு வந்த முதல் ஞாயிறு, சித்தப்பா நான்கு டீ வாங்கிக்கொண்டு வந்தான். பஞ்சு கிளாஸை வலது கையால் வாங்கினாள். வாங்கியவுடன், "ஐயோ, சுடுது!" என்று கீழே வைத்தாள். விரல்களை ஊதிக்கொண்டாள், ஊதிக்கொண்டே சிரித்தாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டான் கரண்ட்.

"சுடுதாம்டா!" என்று அவன் காதோரம் கத்தினான் சைரன், மூச்சைப் பிடிக்காமல்.