விருமாண்டியின் வெறும் வாய்

வாங்க என்று சொல்வதற்கு முன்னாலேயே வெற்றிலையை நீட்டிவிடுவார் விருமாண்டி. ஈரச் சாக்குக்குள்ளிருந்து ஒன்றை உருவி, காம்பைக் கிள்ளி, வேட்டியில் துடைத்து, சுண்ணாம்பு தடவி, "போடுங்கண்ணே" என்பார். வாங்க வந்தவருக்கும் கொடுப்பார், வழி கேட்க வந்தவருக்கும் கொடுப்பார். ஒருமுறை இவரைத் திட்ட வந்த ஒருவர் வாய் நிறைய வெற்றிலையோடு, திட்ட முடியாமல் திரும்பிப் போனார்.

சோழவந்தான் கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கட்டுகளைக் கொண்டுவந்து சிம்மக்கல்லில் கடை விரிப்பவர். இடக்கன்னம் எப்போதும் நெல்லிக்காயை அடக்கியது போலப் புடைத்திருக்கும். தூங்கும்போதாவது அது வடியுமா என்று கேட்டால், "எங்கிட்டு வடியும்? பொறக்கையிலயே அப்பிடித்தேன் பொறந்துச்சு போல" என்பாள் மனைவி சீனியம்மாள்.

அந்தக் கன்னம் இந்தத் தை மாதத்தில் வற்றிப்போய்விட்டது.

காரணம், எதிர்ச்சாரியில் கயிற்றுக் கடை வைத்திருக்கும் காதர் மீரா ராவுத்தர். இவருக்கு அவர் மாமா, அவருக்கு இவர் மாப்ள. இரத்தம் சேராத உறவுதான், ஆனால் அவர் கடைக் கயிற்றைவிடக் கெட்டி. மகள் அழகம்மாள் பிறந்தபோது தொட்டில் கட்டக் கயிறு வாங்கப் போனார் விருமாண்டி. "எம் பேத்தி ஆடுற கயித்துக்குக் காசா? போடா" என்று விரட்டினவர் ராவுத்தர்.

அந்த அழகம்மாளுக்குத்தான் வருகிற புதன்கிழமை கல்யாணம். ஊர் முழுக்க வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாகிவிட்டது. ராவுத்தரை மட்டும் அழைக்கவில்லை. அவர் ரம்ஜான் நோன்பில் இருக்கிறார். பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவர் முகத்துக்கு நேரே வெற்றிலையை நீட்டலாமா? பொழுது சாய்ந்ததும் போய் அழைக்கலாமே என்று விருமாண்டிக்குத் தோன்றவேயில்லை.

கடைத்தெருவில் கணக்கெழுதும் ஹாலாஸ்யத்திடம் கேட்டார். "எச்சிலைக்கூட முழுங்கப்படாதாம் விருமாண்டி. வெத்தலை வாசனை பட்டாலே போச்சு. பாவம் உன் தலையிலேதான்!" என்று அவர் கண்ணை உருட்டினார். வெற்றிலையில்லாமல் வாயால் மட்டும் சொல்லிவிடலாமா என்று சீனியம்மாளிடம் கேட்டார். "கோழியத்தேன் வெறும் வாயால கூப்பிடுவாக. மாமனையுமா?" என்று அவள் முறைத்தாள்.

இருவருக்கும் நடுவே தவித்த மனிதர், தாமாகவே ஒரு மரியாதையைக் கண்டுபிடித்தார். பட்டினி கிடப்பவர் எதிரே அசை போடக் கூடாதென்று, கயிற்றுக் கடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதுவும் மனம் ஒப்பாமல், பகலில் வெற்றிலை போடுவதையே விட்டுவிட்டார். ஆனால் காட்டிய முதுகை மட்டும் மாற்றவில்லை. ராவுத்தரோ நாள் முழுக்க அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்காரன் காசிமாயன்தான் வந்து சொன்னான்: "என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டீக? கயிறு வாங்கப் போனவன் வாய் தவறிக் கல்யாணத்தச் சொல்லிப்புட்டேன். 'எம் பேத்தி கல்யாணத்த வண்டிக்காரன் சொல்லித்தேன் நான் கேக்கணுமா'ன்னாரு. அம்புட்டுத்தேன்."

விருமாண்டி துள்ளி எழுந்தார். வெற்றிலையையும் பாக்கையும் துண்டில் முடிந்துகொண்டு ஓடினார்.

ராவுத்தர் நிமிரவில்லை. "வாங்க. என்ன கயிறு வேணும்?"

வாடா என்று கூப்பிட்ட வாய், வாங்க என்றது.

"மாமா, வெத்தலய நீட்டுனா உங்க நோன்பு முறிஞ்சிருமோன்னு..."

"முதுகக் காட்டி உக்காந்தது?"

"நான் மெல்லுறது உங்க கண்ணுல படக் கூடாதுன்னுதேன் மாமா. இப்ப மெல்லுறதுகூட இல்ல."

ராவுத்தர் நிமிர்ந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "அட கூறுகெட்ட மாப்ள! கையில வாங்கினா எங்கடா நோன்பு முறியும்? வாயில போட்டாத்தேன. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? கொண்டா இங்க."

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பகல் பந்தியில உக்கார மாட்டேன். அந்திக்கு எனக்குன்னு ஒரு எல போட்டு வையி. நோன்பு தொறந்து, தின்னுட்டுத்தேன் வண்டியேறுவேன்."

விருமாண்டியின் கண்களிலிருந்து கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. அப்போதுதான் ராவுத்தர் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார். "எங்கடா உன் கன்னத்தக் காணோம்?" என்றவர், விருமாண்டி மடியிலிருந்த சுண்ணாம்பு டப்பியைத் தாமே பிடுங்கி, ஒரு வெற்றிலையை மடித்து நீட்டினார். "நோன்பு எனக்கு. உனக்கென்ன கேடு? போடு."

வாங்கிய கை, பழக்கத்தில் வாய்வரைக்கும் போயிற்று. அங்கே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து, வெற்றிலையைக் காதில் செருகிக்கொண்டது. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, கயிற்றுச் சுருள் ஒன்றின் மேல் உட்கார்ந்து, பள்ளிவாசல் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார் விருமாண்டி. நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் வெகுநேரம் இருந்தது.