சம்மனசு இருந்த இடம்

மெல்லிய தூரிகை பலகையிலிருந்த அந்தச் சின்னக் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தது. அது காய்ந்ததும் பக்கத்திலேயே இன்னொன்று. அடியில் பச்சை நிற மண்சாயம், மேலே இளஞ்சிவப்பு. குழைக்க நகரத்துக் கோழி முட்டையின் வெளிறிய கரு. இளம் முகங்களுக்கு அதுதான். வயதானவர்களுக்குக் கிராமத்து முட்டை.

சியெனா நகரில் பந்தினோ முப்பது வருடமாகப் பலகையில் மாதா வரைகிறான். அவன் பூசிய சாயம் உதிர்ந்ததாகப் பேச்சே கிடையாது. இந்தப் பலகையில் மாதா மடியிலிருக்கும் பாலனின் கையில் முள்ளைத் தின்னும் குருவி. பின்னாளில் பாலன் சிலுவையில் படப்போகும் பாடுகளுக்கு அடையாளம். பாலனின் பார்வை விழும் இடத்தில் ஒரு சம்மனசு, சிறகுள்ள தேவதூதன். அதற்கு மகள் நூத்தாவின் முகம். கொள்ளைநோயில் போனவள், பொதுக்குழியில் எந்த அடுக்கில் கிடக்கிறாள் என்றுகூடத் தெரியாது.

படத்தைச் செய்யச் சொன்ன கம்பளி வியாபாரி கூச்சோ வந்து பார்த்தார்.

"என்னப்பா இது? மாதா மலை மாதிரி, காலடியில நான் எலி மாதிரி!"

"கோயிலுக்குப் படம் கொடுக்கிறவங்க எல்லாருமே படத்துல ஒரு சாண்தான் ஐயா. வழக்கம்."

"வழக்கத்தை வேற எங்கயாவது வெச்சுக்கோ. அந்தச் சம்மனசைத் தூக்கிட்டு என்னைப் பெருசாப் போடு. நீ மாட்டேன்னா வேற ஆளு மாத்துவான்."

அவர் போனதும் பந்தினோவின் மனைவி லாப்பா கிட்டே வந்தாள். சம்மனசின் சிறகும் தலைவட்டமும் மெருகேற்றிய தங்கம். தங்கத்தின் மேல் சாயம் நிற்காது, சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

"சுரண்டாதீங்க. அப்படியே மேல பூசிடுங்க. பத்து வருஷத்துல அந்தாளு தோலுரிஞ்சு விழுவான். நம்ம புள்ள வெளியே வருவா."

"உதிர்ற வேலை நான் செஞ்சதில்ல லாப்பா."

"உன் வேலையில இடி விழ!"

மறுநாள் காலையில் கத்தியை எடுத்தான். முதலில் சிறகு, பிறகு தலைவட்டம். நடுவில் முகம் மட்டும் மேடாக நின்றது. மேடு இருந்தால் மேல்பூச்சு வெடிக்கும். அதையும் எடுத்தான். வெள்ளைச் சுண்ணம் பூசி, தேய்த்து, சமமாக்கினான். கூச்சோவின் முகத்துக்குக் கிராமத்து முட்டை கேட்டபோது லாப்பா கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை.

படத்தை வாங்க வந்த கூச்சோ நகத்தால் தன் முகத்தைச் சுரண்டிப் பார்த்தார். ஒரு துகள்கூட வரவில்லை.

"உதிராதே?"

"உதிராதுங்க ஐயா."

பாலன் இப்போது கூச்சோவின் வழுக்கைத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தினோ பலகையை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினான். மறுபக்கத்துக்கு லாப்பா வரவில்லை, கூச்சோவே பிடித்துக்கொண்டார்.