லிண்டா அழுதது புனிதம் ரீச்சருக்காக

புனிதம் ரீச்சர் போய்விட்டார்.

இன்று காலை லைப்ரரி லிண்டாதான் போன் எடுத்துச் சொன்னாள். சொல்லி முடிக்கவில்லை, அழுகை… விக்கி விக்கி அழுதாள்.

நான் செத்தாலும் இவள் இப்படி அழுவாளா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பொய் சொல்லி அஞ்சலி எழுத எனக்குத் தெரியாது.

என் மூத்த பேரன் மெடிசின் மூன்றாம் வருடம். நடுவிலாளுக்கு ஜிசிஎஸ்இ சோதனையில் எல்லாப் பாடமும் ஒன்பது, அதற்கு மேல் புள்ளி இல்லை. சின்னவள் போன கோடையில் வாசிப்புப் போட்டியில் மெடல் வாங்கினாள்.

மூன்று பேரும் படித்தது எங்கள் ஏரியா லைப்ரரியில், ஜன்னலோர மேசையில். ரீச்சரின் பேத்தியும் அதே மேசைதான். அவள் பாரிஸ்டர் ஆகிவிட்டாள்… சரி, அது இப்போது எதற்கு.

லைப்ரரியை நடத்துகிற கவுன்சில் செலவை வெட்டியபோது அங்கே வேலை செய்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். போனவர்களின் வேலையெல்லாம் லிண்டாவின் தலையில். புத்தகம் பதிய வாசலில் ஒரு மெஷின் வந்தது. அடுத்து வேலை போவது தனக்குத்தான் என்று அவளுக்குப் பயம்.

எங்கள் பிள்ளைகளைக் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள், தலை நிமிர்த்தாமல் இருந்தாள். மத்தியானச் சாப்பாடும் நின்றபடியே.

வியாழக்கிழமைகளில் அவளுக்கு மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போகத் தொடங்கியது நான். முதலில் தொடங்கியது நான்தான். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு சாப்பிட்டுவிட்டு "லவ்லி" என்பாள். நான் "தாங்க் யூ" என்பேன். அதோடு என் இங்கிலிஷ் முடிந்துவிடும்.

பிறகு வந்தார் புனிதம் ரீச்சர். ஊரில் இங்கிலிஷ் படிப்பித்தவர். வெறுங்கையோடு வந்து, ஒரு கதிரையை இழுத்து லிண்டாவுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார்.

அரை மணித்தியாலம் லிண்டா அவரிடம் பேசினாள். மூக்கைச் சிந்திச் சிந்திப் பேசினாள். நான் ரோல்ஸ் பெட்டியோடு நின்றேன்.

என் ரோல்ஸில் ஒன்றை எடுத்து ரீச்சருக்குக் கொடுத்தாள் லிண்டா. சாப்பிட்டுவிட்டு ரீச்சர் சொன்னது, "உப்புக் கொஞ்சம் காணாது, பரமேஸ்."

அடுத்த கிழமை அந்தக் கதிரையில் ஒரு குஷன். லிண்டா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தாளாம். எத்தனை வியாழக்கிழமை நான் நின்றிருக்கிறேன்… எனக்கு ஒரு ஸ்டூல்கூட வரவில்லை.

லிண்டாவுக்கு ஒரு வழி கண்டுபிடித்ததும் ரீச்சர்தான். கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். "எத்தினை புத்தகம் வெளியில போகுது எண்டுதான் கவுன்சில் பாக்குதாம். வாசிக்காட்டிலும் பரவாயில்லை, எல்லாரும் எடுங்கோ. அப்பத்தான் அந்தப் பிள்ளையின்ர வேலை தப்பும்."

அவர் பத்து எடுத்தால் நான் பன்னிரண்டு எடுத்தேன். இழுக்கிற பையோடு போனேன். எனக்குத் தமிழ் மட்டும்தானே, அதனால் தமிழ்ப் புத்தகத் தட்டிலேயே கை வைத்தேன். அவரும் விடவில்லை, இங்கிலிஷ் தட்டை விட்டுவிட்டு என் பக்கம் வந்தார்.

கவுன்சிலில் இருந்து ஒருவர் பார்க்க வந்த அன்று, தமிழ்த் தட்டில் ஒரு புத்தகமும் இல்லை. அவ்வளவும் எங்கள் இரண்டு பேரின் வீட்டில்.

சும்மா கிடக்கிற தட்டை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று அவர் லிண்டாவைக் கேட்டாராம். லிண்டாவின் முகம் வெளுத்துப்போய்விட்டது. என்னோடு அங்கே நின்ற ரீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"பரமேஸ், எல்லாத்தையும் நீரே எடுத்தனீர்?"

"உங்களை விட ரெண்டுதான் கூட, ரீச்சர்."

"தட்டைத் துடைச்செல்லோ வச்சிருக்கிறீர்!"

"நீங்கள் மட்டும் மிச்சம் வச்சனீங்களோ?"

நாங்கள் என்ன பேசுகிறோம் என்று விளங்காமலே லிண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு…

ரீச்சர் அந்தக் கவுன்சில்காரரிடம் போய், என்னைக் காட்டி என்னவோ சொன்னார். அவர் வந்து எனக்குக் கை கொடுத்தார்.

"என்ன சொன்னீங்கள்?"

"இந்த அம்மா கிழமைக்கு ஒரு தட்டு வாசிச்சு முடிக்கிறவ எண்டன்."

"நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சனான் எண்டு சொல்லேல்லையோ?"

"அது அவருக்கு என்னத்துக்கு?"

அப்போதும் எனக்கு எரிச்சல்தான். என்னைப் புகழ்வதற்கும் அவருடைய இங்கிலிஷ்தான் வேண்டியிருந்தது.

லிண்டாவின் வேலை தப்பியது. கிழமைக்கு மூன்று நாள்தான், ஆனாலும் தப்பியது.

போன மாதம் ரீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்து எனக்குப் போன் எடுத்தார். தன் நோய் வருத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"வியாழக்கிழமை போய் லிண்டாவுக்குப் பக்கத்தில இரும், பரமேஸ். அவளுக்கு இன்னும் பயம் போகேல்லை."

"எனக்கு இங்கிலிஷ் வராதெல்லே, ரீச்சர்."

"அவள்தான் கதைப்பாள். நீர் இடைக்கிடை 'ஓ டியர்' எண்டு சொன்னால் காணும். நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தனான்."

அதைத்தானா! இவ்வளவு நாளும் அதைத்தானா… எவ்வளவு வயிறெரிந்திருப்பேன்.

ஆனாலும் அவர் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கதிரையில் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்று பின்னேரம் போய் அந்தக் கதிரையில் இருந்தேன். லிண்டா ஒரு மணித்தியாலம் பேசினாள். நான் ஏழெட்டுத் தரம் "ஓ டியர்" சொன்னேன். என் கையை அவள் விடவே இல்லை.

பேசியதில் எனக்கு விளங்கியது ஒரேயொரு சொல்தான். புனிதம், புனிதம், புனிதம்.

போயிட்டு வாங்கோ, ரீச்சர். வியாழக்கிழமையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரீச்சரின் மகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இந்த அஞ்சலிப் பக்கத்தில் போட்டிருக்கிற படத்தில் அம்மா பாஸ்போர்ட்டுக்கு முறைக்கிற மாதிரி இருக்கிறார், பிள்ளை. லைப்ரரியில் எடுத்த படம் ஒன்று லிண்டாவிடம் இருக்கிறது. லிண்டாவுக்கு இந்தப் பக்கம் ரீச்சர், அந்தப் பக்கம் நான். அதை வாங்கிப் போடுங்கோ.

என்னை வெட்டாமல்.